பழைய ரிவால்வரைக் கம்பெனிக்கு ரிப்பேருக்கு அனுப்புவது எப்படி: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு ரிவால்வர் கடைசியாக எப்போது வெடித்தது என்று எனக்குத் தெரியாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும், தேர்தல் முடிந்தால் வீட்டுக்கு வரும். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அதுதான் அதற்கு உத்தியோகம். அம்பாசமுத்திரம் பக்கம், மலையடிவாரத்தில் தோப்பு துரவு வைத்திருக்கும் வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், இல்லையென்றால் அப்பா காலத்து ரிவால்வர். வாழைக்குள் இறங்கும் காட்டுப்பன்றிக்கு ரிவால்வரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது என்பதை வாங்கும்போது யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

அப்பாவுக்கு எழுபது முடிந்து லைசென்ஸை என் பெயருக்கு மாற்றிய பிறகுதான் அதை நான் முதன்முதலாகக் கையில் எடுத்துச் சரியாகப் பார்த்தேன். தோட்டா போடும் சிலிண்டர் சுற்ற மறுத்தது. குதிரையை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலை, பின்னால் இழுத்தால் பாதியில் நின்றது. “கான்பூருக்கு அனுப்பிரு” என்றார் அப்பா, அதைச் செய்த தொழிற்சாலை இருக்கும் ஊருக்கு, ஏதோ பாபநாசத்துக்கு பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும், எனக்குப் பின்னால் இதே வேலையாக அலைந்த சொந்தக்காரர் ஒருவரின் அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை கொஞ்சம்தான், காகிதத்துக்குத்தான் வேலை அதிகம். காகிதம் சரியாக இல்லாமல் துப்பாக்கியை வாசல்படி தாண்டி எடுக்காதீர்கள்.

முதல் வேலை: அது ரிப்பேர்தானா?

தொடுவதற்கு முன் காலியா என்று பாருங்கள். கான்பூர் .32 (இது குழல் அளவு) ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கும் வகை. மேலே இருக்கும் தாழை அழுத்தினால் குழல் கீழே சாயும், சிலிண்டரின் பின்பக்கம் தெரியும். ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். அமெரிக்க வகைகளில் சிலிண்டர் இடது பக்கமாக வெளியே வரும். எதுவானாலும் பார்த்த பிறகு தோட்டாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்து உட்காருங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. மதுரையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் பிடிப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி நுனியில் பழுப்பாக, பலாப்பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, வீட்ல தேங்காயெண்ணெய் போட்டாகளா?” என்றார். போட்டார்கள். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அம்மா துணியில் எண்ணெயைத் தொட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். இருபது முப்பது வருடத்துத் தேங்காயெண்ணெய் இறுகிப் பிசினாகி, அதில் சந்தனத்தூளும் சேர்ந்து ஸ்பிரிங்கையே பிடித்து வைத்திருந்தது. சுத்தம் செய்ததும் சிலிண்டர் சுற்றியது. பாதி நோய் அங்கேயே தீர்ந்துபோனது.

அதனால், கம்பெனிக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கும் முன் ஒருமுறை லைசென்ஸ் உள்ள கடையில் காட்டிவிடுங்கள். தோட்டா வெடிக்கவில்லை என்பதுதான் குறை என்றால், தப்பு தோட்டாவிலும் இருக்கலாம். பத்துப் பதினைந்து வருடமாகப் பீரோவில் கிடந்து பச்சை பூத்த தோட்டா வெடிக்காததற்குத் துப்பாக்கி என்ன செய்யும்? இன்னொன்று, .32 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ரிவால்வருக்கான .32 தோட்டா வேறு, பிஸ்டலுக்கான .32 தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டாவுக்கு அழுத்தம் அதிகம், ஆனாலும் சில ரிவால்வர் அறைகளில் அது நுழைந்துவிடும். நுழைகிறதே என்று போட்டால் பழைய சிலிண்டருக்கு ஆபத்து.

தோப்புக்குள் போய் ‘ஒரு ரவுண்டு வெடித்துப் பார்த்துவிடுவோம்’ என்று மட்டும் கிளம்பாதீர்கள். சோதித்துப் பார்ப்பதுகூட லைசென்ஸ் உள்ளவர் செய்யவேண்டிய வேலை. காலித் துப்பாக்கியை டக் டக் என்று அடித்துப் பார்ப்பதும் வேண்டாம், பழைய துப்பாக்கியில் குதிரையின் மூக்கு உடைந்து போகலாம்.

இதைவிட முக்கியம், ஊர் லேத் பட்டறை. நம் ஊர் லேத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள், மோட்டார் ஷாஃப்டையே புதிதாகக் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனை 7 வருடம், அதிகபட்சம் ஆயுள். ஒரு சின்ன ஸ்பிரிங்குக்காக அந்த மனிதரை மாட்டிவிடாதீர்கள். பளபளப்புக்காக நிக்கல் முலாம் பூசுபவரிடமோ பாலீஷ் பட்டறையிலோ கொடுப்பதும் அப்படித்தான். பஃபிங் சக்கரம் முதலில் தின்பது துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணைத்தான். எண் அழிந்த துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், ஏன் அழிந்தது என்று நீங்கள்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

கம்பெனி எது, இப்போது இருக்கிறதா?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் முத்திரையைப் படியுங்கள். நம் பக்கத்துப் பழைய ரிவால்வர்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

கான்பூர் முத்திரை இருந்தால் நல்ல காலம். அதைச் செய்தது அரசாங்கத் தொழிற்சாலை, இன்றும் இருக்கிறது. ஆனால் பழைய பில்லில் இருக்கும் விலாசத்தை நம்பாதீர்கள். முன்பு கொல்கத்தாவில் தலைமையகம் வைத்திருந்த ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 முதல் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டது. சிறு ஆயுதங்கள் செய்யும் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனத்துக்குள் வந்தன. வாரியத்தின் பெயருக்குக் கடிதம் போட்டால் அது ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

“திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கே, கான்பூர் எதுக்கு?” என்று எல்லாரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். திருச்சித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததுதான், அசால்ட் ரைஃபிளுக்குப் பேர்போனது. ஆனால் உங்கள் ரிவால்வர் அங்கே செய்யப்பட்டதல்ல. செய்த தொழிற்சாலையைக் கேட்பதுதான் முறை.

இரண்டாவது வகை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்த வெப்லி. ஜமீன் காலத்திலிருந்து கைமாறி வந்தவை பெரும்பாலும் இவை. அந்தப் பழைய கம்பெனி 1979லேயே துப்பாக்கி செய்வதை நிறுத்திவிட்டது. பிற்காலத்தில் அதே பெயரில் உத்தரப் பிரதேசத்தில் புது ரிவால்வர் செய்யத் தொடங்கினார்கள். அதற்கும் உங்கள் தாத்தாவின் ரிவால்வருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

மூன்றாவது, ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகள். கம்பெனிகள் நன்றாகவே நடக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் போன் பண்ணி, “மாமா, இங்கெல்லாம் கம்பெனிக்கு நேரா அனுப்பினா சரி பண்ணி வீட்டுக்கே திருப்பி அனுப்பிருவான்” என்பார். அங்கே குடியிருக்கும் உரிமையாளருக்கு அது உண்மைதான். நமக்கு ஆயுதச் சட்டத்தின் 10வது பிரிவு இருக்கிறது. துப்பாக்கி நாட்டை விட்டுப் போக ஒரு ஏற்றுமதி லைசென்ஸ், திரும்பி வர ஒரு இறக்குமதி லைசென்ஸ், இரண்டும் வேண்டும். அந்த நாட்டுச் சட்டம் தனி. போனது திரும்பி வரும் என்று நம்பி அனுப்ப நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டு ரிவால்வர் என்றால் இந்தியாவுக்குள்ளேயே லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள். சென்னை, மதுரைக் கடைகளில் விசாரித்தால் யார் கையில் வெப்லி வேலை நன்றாக நடக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

எண்ணையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இங்கேதான் நான் இரண்டு மாதம் இழந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துப்பாக்கியில் இருக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். சட்டகத்தில் ஒன்று, குழலில் ஒன்று, சிலிண்டரில் ஒன்று என்று பல இடங்களில் பொறித்திருக்கலாம். ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதோடு குறித்துக்கொள்ளுங்கள். தேய்ந்து போயிருந்தால் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், சின்ன வயதில் காசைத் தேய்த்து எடுப்போமே, அது மாதிரி. பிறகு லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எங்கள் புத்தகத்தில் எண் சரியாக இருந்தது, எண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டிய எழுத்து இல்லை. எந்தக் காலத்திலோ எவரோ அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்தில் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதே தப்பை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள், நாங்களும் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் இருக்கும்வரை அது தெரியவே தெரியாது. வேறு மாநிலத்தில் ஒரு போலீஸ்காரர் புத்தகத்தையும் துப்பாக்கியையும் ஒப்பிட்டால், அது வேறு துப்பாக்கி. வாங்கிய பில்லின் நகலை வைத்து மனுப் போட்டுத் திருத்தினோம். பில் இல்லாதவர்களுக்கு இன்னும் நாளாகும். அதனால் பழைய பில், பாத்திரத் தாளோ பஞ்சாங்கமோ எதற்குள் கிடந்தாலும், இன்றே தேடி எடுங்கள்.

புத்தகத்தில் இன்னும் நான்கு விஷயம் பாருங்கள்.

லைசென்ஸ் எதுவரை செல்லும்? 2019க்குப் பிறகு கொடுக்கப்படும் லைசென்ஸுக்கு 5 வருடம். துப்பாக்கி வெளியூரில் இருக்கும்போது லைசென்ஸ் முடிந்தால் திரும்ப வாங்குவதே சிக்கல். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

யு.ஐ.என் என்கிற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா? தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் பதியாத புத்தகத்தை எந்தக் கடையும் கையில் தொடாது.

எல்லை என்ன? ‘மாவட்டம் முழுதும்’, ‘தமிழ்நாடு முழுதும்’, ‘இந்தியா முழுதும்’ என்று ஒன்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கான்பூருக்குப் போக முடியாது. எல்லையை நீட்டிக்கவோ, அந்தப் பயணத்துக்கு மட்டுமான லைசென்ஸுக்கோ விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக முத்திரை. இது நம் சீமைக்கே உரிய தலைவலி. 1986ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. ஆலங்குளத்துக்காரரான என் சொந்தக்காரரின் புத்தகத்தில் நெல்லை மாவட்ட முத்திரை, வீடு இருப்பதோ தென்காசி மாவட்டம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு நடை, தென்காசிக்கு ஒரு நடை என்று அலைந்தார். உங்கள் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு மனு எழுதுங்கள். மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

லைசென்ஸ் இன்னும் எழுபதைத் தாண்டிய அப்பாவின் பெயரிலேயே இருந்தால், ரிப்பேருக்கு முன்னால் அதை யோசியுங்கள். 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வைத்திருப்பவருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முந்தியோ அதை வைத்து வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். பெரியவர்கள் மனம் ஒப்பவேண்டும், அது வேறு கதை. எங்கள் அப்பா கையெழுத்துப் போட ஒரு வருடம் ஆனது.

கடிதம்

துப்பாக்கியைக் கொண்டுபோவதற்கு முன் கடிதம் போகவேண்டும். ‘ரிவால்வர் ரிப்பேர், சரிசெய்து தரவும்’ என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் பிரயோஜனம் இருக்காது. மாடல், எண், வாங்கிய வருடம், லைசென்ஸ் எண், யு.ஐ.என் எல்லாம் மேலே. கீழே குறையை, டாக்டரிடம் வலி சொல்கிற மாதிரி இடம் காட்டி எழுதுங்கள். ‘குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் ஆறில் நான்கு அறைகளில் சிலிண்டர் சரியாகப் பூட்டிக்கொள்கிறது, இரண்டில் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. வேகமாக இழுத்தால் தெரிவதில்லை’ என்று எழுதினால், படிக்கிறவருக்கு எந்த பாகம் தேய்ந்திருக்கிறது என்று அங்கேயே பாதி புரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அறைகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை சின்னச் சின்னத் துண்டுத் தாளில் எண் எழுதி ஒட்டிக்கொண்டேன். வெளியே இரண்டு பக்கமும் படம், எண்ணுக்குக் கிட்டப் படம் ஒன்று, இவற்றைச் சேர்த்தால் போதும். கடையில் பார்த்தவர் சொன்னதையும் எழுதுங்கள்.

கேட்க வேண்டியவை: இந்த மாடலுக்கு இன்னும் பாகங்கள் இருக்கின்றனவா, தோராயமாக எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும், நேரில் கொண்டு வரவேண்டுமா இல்லை லைசென்ஸ் உள்ள டீலர் மூலம் ஒப்படைக்கலாமா, கூட என்னென்ன ஆவணம் வேண்டும். பதில் எழுத்தில் வரவேண்டும். போனில் ஒருவர் ‘கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்’ என்றார் என்பதற்காக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். வழியில் யாராவது கேட்டாலும் அந்தப் பதில் கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் நியாயம்.

எங்கள் ரிவால்வர் கான்பூர் வரை போகவே இல்லை. தேய்ந்த ஒரு பாகத்தை மதுரைக் கடையிலேயே சரிசெய்துவிட்டார்கள். சொந்தக்காரருடையதுதான் போனது.

கொண்டுபோகும் முறை

கூரியரில் கூடாது. தபாலில் கூடாது. பஸ் பார்சலில் கூடவே கூடாது. ‘சிலிண்டரை மட்டும் கழற்றிப் பார்சல் போட்டால்?’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சட்டத்தின் கண்ணில் பாகமும் ஆயுதம்தான்.

லைசென்ஸ்தாரர் தானே கொண்டுபோவது நல்லது. முடியாத வயது என்றால் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. ஆயுதச் சட்டம் 3வது பிரிவின்படி, ரிப்பேருக்காகவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உரிமையாளரின் எழுத்துபூர்வமான அனுமதியோடு லைசென்ஸ் இல்லாத ஒருவரும் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். அந்த அனுமதிக் கடிதத்தில் யார், என்ன துப்பாக்கி, எண், எங்கே, எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாம் இருக்கட்டும். அசல் லைசென்ஸ் புத்தகமும் கூடவே போகவேண்டும். இது போதும் என்று சட்டம் சொன்னாலும், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் நம் ஸ்டேஷனுக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் கேள்வி வந்தால் அந்த முத்திரைதான் பேசும்.

கிளம்புமுன் தேர்தல் அட்டவணையைப் பாருங்கள். நம் ஊருக்கு மட்டுமல்ல, போகிற மாநிலத்துக்கும். தேதி அறிவித்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், அந்த நேரத்தில் அது ரயிலில் இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். உள்ளாட்சித் தேர்தலும் கணக்குதான். தடையுத்தரவு எதுவும் அமலில் இருக்கிறதா என்றும் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெட்டி: பூட்டுப் போடக்கூடிய சின்னப் பெட்டி, உள்ளே தடித்த பஞ்சோ ரப்பரோ. துப்பாக்கியை லேசாக மெஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றுங்கள். தோல் உறையோடு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் தின்னும். தொழிற்சாலையிலிருந்து கேட்டாலொழிய தோட்டா கொண்டுபோக வேண்டாம். ரயில் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து கான்பூர் சென்ட்ரல் வண்டி. பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்குகிற பயணம் அல்ல இது, இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்கலாம். விமானம் என்றால் தூத்துக்குடியோ மதுரையோ, கவுன்டருக்குப் போனதும் முதல் வார்த்தையாக, லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். காலியாக, செக்-இன் லக்கேஜில்தான் போகும். கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கேனர் வரை போனால் அன்றைக்கு வீடு திரும்பமாட்டீர்கள். டிக்கெட் போடும் முன்பே விமானக் கம்பெனியிடம் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

ரசீது இல்லாமல் துப்பாக்கி கைமாறக் கூடாது. ரசீதில் எண் முழுதாக, முன்னெழுத்தோடு இருக்கவேண்டும். இருக்கிற கீறல், பிடியில் விரிசல் எல்லாவற்றையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். டீலரிடம் கொடுத்தால் அவர் பதிவேட்டில் ஏற்றுவதைக் கண்ணால் பாருங்கள்.

மேல்பூச்சுப் புதிதாகப் போடட்டுமா என்று கேட்டால், எண்ணும் முத்திரையும் பாதிக்காமல் செய்வார்களா என்று கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். குழலைக் குறுக்கச் சொல்லிக் கேட்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும், 6வது பிரிவு.

திரும்ப வாங்கும்போது அவசரப்படாதீர்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினால், ஊருக்கு வந்து புலம்ப வேண்டியதுதான். காலியா என்று பாருங்கள், எண்ணை ரசீதோடு ஒப்பிடுங்கள், குதிரையை மெதுவாக இழுத்து ஆறு அறையும் பூட்டுகிறதா என்று பாருங்கள். குழலோ சிலிண்டரோ மாற்றியிருந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். புதிய பாகத்தின் எண் வேறாக இருந்தால் அந்தக் காகிதத்தோடு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லவேண்டும்.

ஊருக்கு வந்ததும் தகவல் கொடுத்த இடத்திலெல்லாம், துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். என் சொந்தக்காரர் இதை மறந்துவிட்டார். அடுத்த தேர்தலில், “துப்பாக்கி கான்பூர்ல இருக்குன்னுல்லா இங்க எழுதியிருக்கு?” என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது, அது அவர் பீரோவில் இருந்தது.

பாகம் கிடையாது, செய்ய முடியாது என்று பதில் வந்தால்? வெடிக்காத துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும், புதுப்பிப்பும் வேண்டும், தேர்தலுக்குத் தேர்தல் நடையும் வேண்டும். தாத்தா நினைவுக்காக அதைச் சுமப்பதா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். இப்போது ஆயுதபூஜைக்குச் சந்தனம் பெட்டிக்கு மேலே மட்டும்தான் வைக்கிறாள். தேங்காயெண்ணெய் விளக்குக்குப் போய்விட்டது.